அவளுக்குப் பாட்டுன்னா உசுருங்க

இங்க உக்காந்துக்கலாங்களா? அந்தப் பையைச் சித்த மடியில வச்சுக்கிட்டீங்கன்னா... ஆங், போதுங்க, போதும்.

தமிழுங்களா? இல்ல, ஸ்டாப்புல நீங்க ஃபோன்ல பேசிட்டிருந்தது காதுல விழுந்துச்சு. ஆமாங்கறதுக்கு 'ஓம், ஓம்'னீங்க. சரி, நம்ம சிலோன்காரங்கன்னு நெனச்சுக்கிட்டேன். யாழ்ப்பாணங்களா? வவுனியா! சரிங்க, சரிங்க. இந்த மழையில, இந்த மலைக்குள்ள, ஒரு தமிழ்ச் சத்தம் கேட்டதும் மனசு எப்படி இருந்துச்சு தெரியுங்களா?

நான் கரூருங்க. பேரு சென்னியப்பன். போர்வை, திரைச்சீலை, மேசைத்துணி எல்லாம் எக்ஸ்போர்ட்டு. இந்த நாட்டுல நீங்க எந்த ஓட்டல்ல படுத்தாலும் சரி, விரிச்சிருக்கறது எங்க ஊர்த் துணியா இருந்தா ஆச்சரியப்படாதீங்க. உங்க பேரு? வதனி. நல்ல பேருங்க. நீங்க எனக்குத் தங்கச்சியாட்டம். தப்பா நெனச்சுக்காதீங்க, நான் கொஞ்சம் பேசுவேன். வீட்டுல பேச ஆளில்லீங்க.

பாட்டு விழாவுக்குத்தானுங்களே போறீங்க? இந்த பஸ்ஸுல வேற எங்க போறது. நானும் அங்கதான். அந்த ஊர்ப் பேரு எனக்கு வாயில நுழைய மாட்டேங்குது. டிரைவர்கிட்ட ஃபோனைக் காட்டித்தான் டிக்கெட் வாங்குனேன். இந்த வேல்ஸ்காரங்க உயிரெழுத்தையே மிச்சம் புடிச்சுப் போட்டாங்களாட்டம் இருக்குது.

நானுங்க, உலகத்துல பாக்காத விழா கொஞ்சந்தான். கரூர்ல எங்க கிளப்புல இருக்கறவங்க எல்லாம் வெளிநாடு போனா என்ன பண்ணுவாங்க? அருவியைப் பாப்பாங்க, கோபுரத்து முன்னாடி நின்னு படம் எடுப்பாங்க. நான் அப்படியில்ல. பாட்டு, கூத்து, ஆட்டம்னு எங்க நடந்தாலும் அங்க போவேன். எல்லாம் என்ற சம்சாரத்துக்காகத்தான். அம்சவேணின்னு பேரு. அவளுக்குப் பாட்டுன்னா உசுருங்க. கல்யாணத்துக்கு முன்ன கோயம்புத்தூர் ரேடியோவுல கூடப் பாடியிருக்கறா.

ஆமாங்க, நல்லாப் பாடுவான்னு எல்லாரும் சொல்லுவாங்க. பொண்ணு பாக்கப் போனப்ப பாடச் சொன்னாங்க, பாடுனா. எங்கம்மாவுக்கு மொகம் சரியில்ல. நான் அவங்கப்பாகிட்ட பக்குவமாத்தான் சொன்னேன். மாமா, பாட்டெல்லாம் நல்லதுதான், ஆனா எங்க குடும்பத்துல பொம்பளைங்க மேடை ஏறுனதில்ல, வீட்டோட இருக்கட்டும்னு. அவரும் சரின்னுட்டார். அப்பறம் வீட்டுல சமைக்கையில பாடுவா. பக்கத்துல எங்க தறிக்கொட்டாய், ஆம்பளைங்க நெறையப் பேரு வேலை செய்வாங்க, காதுல விழுகும். அதுக்குன்னே சன்னலையெல்லாம் அடைச்சு, கண்ணாடி போட்டு, சமையக்கட்டுக்கே ஏசி வச்சுக் குடுத்தேன். எங்க ஊர்ல எவன் சமையக்கட்டுக்கு ஏசி வச்சான், சொல்லுங்க?

அவளுக்கு ஒரு கொறையும் வச்சதில்லீங்க. கொழந்தை இல்ல. அதுக்குக் கூட நான் தெனமும் சொல்லிக் காட்டுனவன் இல்ல. எப்பவாச்சும் கோவத்துல வந்திருக்கும்.

மொதல்ல போனது ஆஸ்திரியாவுல சால்ஸ்பர்க். அங்க எங்ககிட்டத் துணி வாங்கற பையர் ஒருத்தரு ரெண்டு டிக்கெட் குடுத்தாரு. கோடைக்காலத்துல நடக்குமுங்க. நீங்க கட்டாயம் போகணும். நடுவுல ஆறு, மேல கோட்டை, எல்லாரும் கோட்டும் சூட்டுமா வருவாங்க. பட்டுச்சேலை கட்டிட்டுப் போனீங்கன்னா எந்திரிச்சு வழி விடுவாங்க. ஒண்ணே ஒண்ணு, நடுவுல கைதட்டிராதீங்க. பாட்டு முடிஞ்சாப்புல நிக்கும், ஆனா முடிஞ்சிருக்காது. நான் தெரியாமத் தட்டிப்போட்டேன். முன்வரிசைல இருந்தவங்க எல்லாம் திரும்பிப் பாக்கறாங்க. இவ என்ன பண்ணுனா, மெதுவா என்ற கையைப் புடிச்சு, கீழ இறக்கி, என் மடியிலயே வச்சா. கொழந்தைக்கு வக்கறாப்புல.

அன்னைக்கு ரூமுக்கு வந்து அதைப் பத்தி அவகிட்டப் பேச வேண்டியதாப் போச்சு. நாலு பேரு முன்னாடி புருஷன் கையைப் புடிச்சு இறக்கலாமாங்க? அவளும் தப்புத்தான்னு ஒத்துக்கிட்டா. உடனே ஒத்துக்குவா, அது அவகிட்ட ஒரு நல்ல கொணம்.

அடுத்த நாள் ஆத்தோரமா கொஞ்ச நேரம் தனியா உக்காந்துக்கட்டுமா மாமான்னு கேட்டா. தனியா உக்காந்து என்ன பண்ணப் போறேன்னேன். சும்மா, நேத்துக் கேட்டதை நெனச்சுப் பாக்கறதுக்குன்னா. சரி, ஆசைப்படறாளேன்னு விட்டேன். நான் பின்னாடி, ஒரு மரத்தடியில நின்னுக்கிட்டேன். அவ திரும்பித் திரும்பி என்னையே பாத்துட்டு இருந்தா. எங்க நெனச்சுப் பாத்தா? கொஞ்ச நேரத்துல எந்திரிச்சு வந்துட்டா.

நீங்க என்னங்க, ஃபோனையே பாத்துட்டு இருக்கறீங்க? சிக்னல் இருக்காதுங்க. மலைக்கு நடுவுல போகுதுல்ல, நானும் பாத்துட்டேன். உள்ள வைங்க. பேசிட்டுப் போனாத்தான் வழி தெரியாது.

எடின்பர்க்குக்குப் போயிருக்கீங்களா? இங்கயே இருந்துட்டுப் போகலியா! ஆகஸ்ட்டுல போங்க. ஊரே மேடைதானுங்க. கல்லுப் பாவுன ரோட்டுல ஒருத்தன் தீப்பந்தத்தைத் தூக்கிப் போட்டுப் புடிப்பான். பக்கத்துல ஒருத்தி மொகத்துல வெள்ளையடிச்சுட்டு செலையாட்டம் நிப்பா. நாடகத்துக்கு வா, சிரிக்கறதுக்கு வான்னு நோட்டீசைக் குடுத்தே கையை நெறைச்சுப் போடுவாங்க. செருப்பு மட்டும் நல்லதாப் போட்டுக்கங்க. குடை வேண்டாம், காத்துல நிக்காது.

அங்கதான் ஒரு சங்கதி ஆயிப்போச்சு. நான் காப்பி வாங்கப் போனேன். இங்கயே நில்லு, நகராதேன்னு சொல்லிட்டுத்தான் போனேன். திரும்பி வந்தா, ஒரு சந்து முக்குல கூட்டம். நடுவுல வயசான வெள்ளைக்காரம்மா ஒருத்தி, வாத்தியம் ஒண்ணுமில்ல, சும்மா நின்னு பாடறவ. அவ ஒரு வரி பாடறதும், கூட்டம் திருப்பிப் பாடறதும். இப்ப பாத்தா அந்தம்மா வாயை மூடிட்டு நிக்கறா. இவ பாடிட்டு இருக்கறா! கண்ணை மூடிட்டு, வார்த்தையே இல்லாம, அந்தம்மா பாடுனதையே இவ என்னமோ நம்மூரு மாதிரி வளைச்சு வளைச்சுப் பாடறா. நடுரோட்டுல. ஆம்பளைங்க நிக்கறாங்க, ஒருத்தன் ஃபோன்ல படம் புடிக்கறான்.

நான் போய்க் கையைப் புடிச்சு இழுத்தேன். கூட்டமுங்க. கூட்டத்துல இழுத்தா எப்படி இருக்கும்? மணிக்கட்டு லேசா பெசகிருச்சு. அந்தக் கிழவி என்னமோ என்னைப் பாத்து சத்தம் போடறா. எனக்கு அவ பேச்சுப் புரியல. இவகிட்ட என்னமோ கேட்டா. இவ தலையை ஆட்டி, ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்லைன்னு சிரிச்சா. சிரிக்கத்தான் செஞ்சா. நான் பாத்தனே.

ஊருக்கு வந்தப்பறம் ரொம்ப மாசத்துக்கு அவளுக்குப் பேச்சே வரலீங்க. தொண்டை கட்டிப்போச்சுன்னு நெனச்சேன். டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனேன், நான் கூடவே உக்காந்துதான் காட்டுனேன். தொண்டையில ஒண்ணுமில்லீங்க, அம்மாகிட்ட நான் தனியாக் கொஞ்சம் பேசலாமான்னாரு. தொண்டைக்குத் தனியா என்னங்க பேச்சு? ஆளை மாத்திட்டேன். அப்பறம் தானாச் சரியாப் போச்சு. நெசத்தைச் சொன்னா, அந்த மாசமெல்லாம் வீடு நிம்மதியா இருந்துச்சு.

உங்களுக்குக் குளிருதுங்களா? பையை இப்படி இறுக்கிக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கீங்க. சன்னலைச் சாத்திக்கங்க. ஜூலை மாசத்துல இப்படிக் குளிர்ற ஊரு இதுதான்.

வெனிஸ்ல முகமூடித் திருவிழா, அதைச் சொல்லணும். பிப்ரவரிப் பக்கம் வரும். தண்ணிக்குள்ள ஊரு. ஆம்பளை பொம்பளை அத்தனை பேரும் மொகத்தை மூடிட்டு, பெரிய அங்கியைப் போட்டுட்டுத் திரிவாங்க. யாரு யாருன்னே தெரியாது. இவளுக்கும் ஒரு வெள்ளை முகமூடி வாங்கிக் குடுத்தேன், நாந்தான் வாங்கிக் குடுத்தேன். எங்கியோ பிடில் வாசிக்கற சத்தம் கேட்டுச்சு. நான் படம் எடுத்துட்டுத் திரும்பறேன், பக்கத்துல ஆளைக் காணோம். சுத்தியும் வெள்ளை முகமூடி.

எனக்கு எப்படி இருக்கும் சொல்லுங்க? வேற ஒருத்தனா இருந்தாக் கத்தி ஊரைக் கூட்டியிருப்பான். நான் யோசிச்சேன். நாங்க நின்னிருந்த மைதானத்துல இருந்து வெளிய போறதுக்கு ஒரு சின்னப் பாலம் இருந்துச்சு. அங்க போய் நின்னுக்கிட்டேன். போறவங்களோட மொகத்தைப் பாக்கல, நடையைப் பாத்தேன். அவ நடக்கையில வலது தோளைச் சித்த மேல தூக்கி, காதுக்கிட்ட ஒடுக்கிக்குவா. கல்யாணத்தப்ப அப்படிக் கெடையாது. என்னமோ நடுவுல வந்த பழக்கம். ரொம்ப நேரம் நின்னேன். வந்தா. தோளு காட்டிக் குடுத்துருச்சு.

தோள்ல கையை வச்சு, 'ம்'னு மட்டுந்தான் சொன்னேன். அப்படியே பாலத்துப் படியில உக்காந்துட்டா. "எங்க போனே?"ன்னேன். "வழி தவறிருச்சு மாமா"ன்னா. "நீ எங்க போனாலும் நான் கண்டுபுடிச்சிருவேன், பாத்துக்க"ன்னு சிரிச்சேன். வெளையாட்டுக்குத்தானுங்க. புருஷன் பொண்டாட்டிக்குள்ள இந்த மாதிரிப் பேசறதில்லையா? அவ முகமூடியைக் கழட்டவே இல்ல. ஓட்டலுக்கு வர்ற வரைக்கும் கழட்டல. ரூமுக்குள்ள வந்து, கட்டில்ல உக்காந்தும் கழட்டல. நாந்தான் கழட்டி விட்டேன்.

அதுக்கப்பறம் பாஸ்போர்ட்டு, காசு, ஃபோனு எல்லாம் நானே வச்சுக்கிட்டேன். அவ மறதிக்காரி, தொலைச்சுருவா.

ஆனா பாருங்க, உலகத்துல எந்த ஏர்போர்ட்டுல எறங்குனாலும் ஒரு எடத்துல ஆளாளுக்குப் பாஸ்போர்ட்டைக் கையில குடுத்துத்தான் ஆகணும். போன வருஷத்துக்கு முந்துன வருஷம், இந்த நாட்டுல ஒரு நாட்டுப்புறப் பாட்டு விழாவுக்கு வந்தோம். இவதான் ஆசைப்பட்டுக் கேட்டா. "அதுக்குப் போலாமா மாமா"ன்னு. எதையும் வாயைத் திறந்து கேக்காதவ கேக்கறாளேன்னு எனக்குச் சந்தோசம். எறங்கி வரிசைல நிக்கறோம். அவ பாஸ்போர்ட்டை அவ கையில குடுத்தேன். எனக்கு முன்னாடி அவளைக் கூப்பிட்டாங்க. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு பொம்பளை ஆபீசரு. நான் பாத்துட்டேதான் இருந்தேன். இவ என்னமோ ஒரே ஒரு வரி சொன்னா. அந்தப் பொம்பளை நிமிந்து இவளைப் பாத்தா, அப்பறம் என்னைப் பாத்தா. எந்திரிச்சு வந்து, இவ முதுகுல கையை வச்சு, பக்கத்துல ஒரு கதவு இருந்துச்சு, அதுக்குள்ள கூட்டிட்டுப் போயிட்டா.

அவ்வளவுதானுங்க. கதவு சாத்திருச்சு. அதுக்கப்பறம் நான் அவளை நேர்ல பாக்கல.

அந்த ஒரு வரி என்னன்னு பின்னால சொன்னாங்க. 'அவரோட வெளிய போக எனக்குப் பயமா இருக்குது'ன்னு இங்கிலீஷ்ல சொன்னாளாம். அவளுக்கு இங்கிலீஷே வராதுங்க! வீட்டுல கொஞ்ச நாளா பாத்திரம் கழுவையில என்னமோ முணுமுணுத்துட்டே இருந்தா, திரும்பத் திரும்ப ஒரே வரி. ஏதோ பாட்டு வரின்னு நெனச்சு நான் காதுல வாங்கிக்கல. அப்ப எத்தனை நாளு ஒத்திகை பாத்திருக்கறா பாருங்க. சோறு போட்டுட்டே, துணி மடிச்சுட்டே!

போலீசு வந்து என்னை உக்கார வச்சுப் பேசுனாங்க. மரியாதையாத்தான் பேசுனாங்க. "உங்க மனைவி பாதுகாப்பா இருக்காங்க, கவலைப்படாதீங்க"ன்னான். நான் கேட்டேன், "யாருகிட்ட இருந்துய்யா பாதுகாப்பு?" அவன் என்ற பேரை நோட்டுல எழுதிக்கிட்டான். கேட்டதுக்கு அதுவா பதிலு? அப்பறம் கோர்ட்டுல ஒரு உத்தரவு போட்டுட்டாங்க, கிட்டயே போகக்கூடாது, பேசக்கூடாதுன்னு. அது இங்கிலாந்துக்கு. இது வேல்ஸ். கொடியே வேறயா இருக்குது, பாக்கறீங்கல்ல? டிராகன் படம் போட்டு.

என்னங்க? இங்கயும் செல்லுமா? உங்களுக்கு எப்படித் தெரியும்? சரி விடுங்க.

ஊர்ல மானம் போச்சு. சம்சாரம் எங்கன்னு கேக்காத ஆளில்ல. பாட்டு படிக்க லண்டன்ல விட்டுட்டு வந்திருக்கறேன்னு சொல்லி வச்சிருக்கறேன். 'பரவால்லயே சென்னியப்பா, இந்த வயசுல பொண்டாட்டியைப் படிக்க வைக்கறியே'ன்னு கிளப்புல கைதட்டுனாங்க. கைதட்டு வாங்கிட்டு வீட்டுக்கு வந்தா, அந்த அடைச்ச சன்னலும் நானுந்தான். நானே அந்த சமையக்கட்டுல நின்னு பாத்தேன். ஒரு சத்தமும் உள்ளயும் வராது, வெளியவும் போகாது. நல்லாத்தான் கட்டியிருக்கறான் மேஸ்திரி.

நான் யோசிச்சேன். அவ சோறில்லாம இருந்துக்குவா, பாட்டில்லாம இருக்க மாட்டா. அப்ப எங்க பாட்டோ அங்க அவ. அதுதான் ஊர் ஊராப் போறேன். மொராக்கோவுல ஃபெஸ்னு ஒரு ஊரு, சாமி பாட்டுக்குன்னே விழா எடுப்பாங்க. பழைய மதிலு, சந்து சந்தா ஊரு, நீங்க தொலைஞ்சு போகாம வர முடியாது. ஆனா போங்க, பாக்கணும். அங்க ஒருத்தி பின்னாடி இருந்து பாக்க அவளாட்டமே இருந்தா. தோளைப் புடிச்சுத் திருப்பிட்டேன். வேற ஆளு. கூட்டம் கூடிருச்சு. தப்பா நெனச்சுட்டாங்க. சான்சிபார்ல கடலோரமா கோட்டைக்குள்ள பாட்டு விழா, தென்னைமரமும் மணலும் நம்மூரு மாதிரியே இருக்கும். அங்க மூணு நாளும் வாசல்லயே நின்னேன். இந்த நாட்டுல போகாத வயக்காடு இல்ல. சேத்துல கூடாரம் போட்டு நடத்துவாங்களே, அதுல ஒண்ணுல மஞ்சச் சேலை கட்டுன பொம்பளை ஒருத்தி பின்னாடி நானும் கூடாரம் கூடாரமாப் போனேன். அவ ஓட ஆரம்பிச்சுட்டா. நான் என்ன பண்ணுனேன்? நடந்துதான் போனேன்.

பாட்டுங்களா? என்னமோ பாடுனாங்க. நான் மேடையைப் பாத்துட்டு நிக்க முடியுங்களா? பாக்க வேண்டியது கூட்டத்தைத்தானுங்களே.

இதைப் பாருங்க. இந்தப் படத்தை. கரூர் ஆபீசுல ஒரு பொண்ணுக்கு இதே வேலை குடுத்திருக்கறேன். உலகத்துல எந்த விழா வீடியோ வந்தாலும் பாத்து எனக்கு அனுப்பணும். போன மாசம் இது வந்துச்சு. பொம்பளைங்க சேந்து பாடற கூட்டம். எந்தெந்த நாட்டுல இருந்தோ வந்து இங்க தஞ்சம் புகுந்தவங்களாமே. கறுப்பு, வெளுப்பு, முக்காடு போட்டவங்க, முடியை வெட்டுனவங்க, எல்லாம் கலந்து நிக்கறாங்க. கடைசி வரிசைல பாருங்க. மொகம் தூணுக்குப் பின்னால போயிருச்சு. கை மட்டும் தெரியுது. தொடையில தாளம் போடற கை. அந்த மணிக்கட்டுச் சித்த கோணியிருக்குதல்ல? எனக்குத் தெரியாதுங்களா அந்தக் கை?

எல்லாரும் கழுத்துல ஒரே மாதிரித் துண்டு போட்டிருக்கறாங்க பாருங்க. மயில்கழுத்து நெறம். ஓரத்துல மட்டும் மெல்லிசா சிவப்புக் கோடு.

உங்க பையில இருந்து எட்டிப் பாக்குதுல்ல, அதுவும் மயில்கழுத்துத்தானுங்களே, வதனி.

மறைக்காதீங்க. துணியில என்னை ஏமாத்த முடியாது. சாயத்தைப் பாத்தே எந்தப் பட்டறைன்னு சொல்றவன் நான். நீங்க ஸ்டாப்புல பையைத் திறந்து ஃபோனை எடுக்கையிலயே பாத்துட்டேன். இல்லாட்டி பஸ்ஸு முழுக்க சீட்டு காலியாக் கெடக்குது, உங்க பக்கத்துல வந்து எதுக்கு நெருக்கிட்டு உக்காரப் போறேன்?

அட, பெல்லை எதுக்கு அடிக்கறீங்க? ஊரு இன்னும் வரலீங்களே. இந்தக் காட்டுல, இந்த மழையில எங்க எறங்குவீங்க? உக்காருங்க. என்ற முட்டியைத் தாண்டிப் போக முடியாது, விழுந்துருவீங்க. ...சாரி சாரி, டிரைவர், மிஸ்டேக், கோ, கோ... வண்டியை எடுத்துட்டான். நல்ல மனுசன்.

பயப்படாதீங்க. நான் என்ன புலியா கரடியா? நான் அவளை அடிச்சு இழுத்துட்டுப் போகவா வந்திருக்கறேன்? ரெண்டு வார்த்தை பேசணும். நீ பாட்டுக்கு இப்படிப் பண்ணிப்போட்டு வந்துட்டியே, நான் என்ன கொறை வச்சேன்னு மொகத்தைப் பாத்துக் கேக்கணும். அவ உடனே ஒத்துக்குவா. எப்பவும் ஒத்துக்குவா. ரூமு போட்டிருக்கறேன், ரெண்டு பேருக்கும் டிக்கெட்டு வச்சிருக்கறேன்.

உங்ககிட்ட என்ன சொல்லியிருக்கறா? ஒண்ணும் சொல்லலியா? ராத்திரியெல்லாம் அழுவாளா? இல்லீங்களா? அப்பறம் என்ன பண்ணுவா? அழுகலைன்னா என்ன அர்த்தம்? சிரிப்பாளா. ம். என்னத்துக்குச் சிரிப்பா? சும்மாவே சிரிப்பாளா.

வந்துருச்சுங்க. பாருங்க, ஆறு. அந்தப் பக்கம் வெள்ளைக் கூடாரமெல்லாம். எறங்குங்க. பையை இப்படிக் குடுங்க, என்கிட்டயே இருக்கட்டும், கனமா இருக்குது. வெசையாப் போகாதீங்க, புல்லு வழுக்கும். ஏனுங்க, அந்தக் காவக்காரன்கிட்ட என்ன சோலி? அவனுக்குத் தமிழு தெரியாது, உங்களுக்கு இங்கிலீஷு தெணறுது. எனக்கும் டிக்கெட்டு இருக்குது, காட்டிட்டா விடப் போறான். பாத்தீங்களா, விட்டுட்டான். கையில பட்டை கூடக் கட்டி விடறான்.

நீங்க வழி சொல்ல வேண்டாம். அதா, தட்டியில படமே போட்டிருக்கறாங்களே, மயில்கழுத்துத் துண்டு. இந்தக் கூடாரந்தான். அம்பு கூடப் போட்டிருக்குது.

ஏம்மா, வாசல்ல நிக்கறியே, உள்ள போலாமா? ஒத்திகை நடக்குதா? நோ என்ட்ரியா? சரி. நான் நின்னுக்கறேன். நான் காத்திருந்து பழகுனவன்.

பாடறாங்க, கேக்குதுங்களா? துணிக்கு அந்தப் பக்கம் அத்தனை பேரும் இருக்கறாங்க. ஒரு மொழம் தூரங்கூட இருக்காது. இது நல்ல கேன்வாசு, உள்ள ஒண்ணும் தெரியல. எத்தனை பேரு இருப்பாங்க? இருபது, முப்பது?

வதனி, இதுல எது அவ குரலு?

இல்லீங்க, எனக்குத் தெரியல. மேல ஒண்ணு கேக்குது, அது சின்னப் பொண்ணாட்டம் இருக்குது. கீழ ஒண்ணு கனமாக் கேக்குது, அதுவா? நடுவுல ஒண்ணு வளைஞ்சு போகுது. எல்லாம் ஒண்ணாக் கலந்து வருது. எனக்கு இதுல வித்தியாசம் புடிபட மாட்டேங்குது. நீங்க கூடவே நின்னு பாடறவங்க, உங்களுக்குத் தெரியும். சும்மா கையைத் தூக்கிக் காட்டுங்க, இதுதான்னு. இன்னைக்கு வந்திருக்கறாளா, அதை மட்டுமாவது சொல்லுங்க. வரலைன்னா நான் போயிடறேன். வெளிய வாசல்ல நின்னுக்கறேன். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?

ஐயோ! எதுக்குங்க இப்படிக் கத்தறீங்க?

'அக்கா, அவர் வந்திட்டார், பின்பக்கத்தால ஓடுங்கோ'ன்னு... தமிழ்ல கத்துனா இங்க எவளுக்குப் புரியும்? பாருங்க, அவங்க பாட்டுக்குப் பாடிட்டுத்தான் இருக்கறாங்க. எல்லாரும் பாடிட்டுத்தான்...

இருங்க. பேசாம இருங்க. கேளுங்க.

ஒண்ணு நின்னுபோச்சு.

கேட்டீங்களா? அத்தனை குரல்லயும் ஒண்ணே ஒண்ணு மட்டும், நடுவுல வளைஞ்சு போச்சே, அது நின்னுபோச்சு. அதுதானுங்க அவ. பாடிட்டு இருந்த வரைக்கும் எனக்குத் தெரியல. வாயை மூடுனதும் தெரிஞ்சுபோச்சு.

கையை விடுங்க வதனி. அக்கட்டால போங்க, வழியை விடுங்க.